வயிற்று நோயும் புற்றுநோயும்: ஆராய்ச்சியில் நமக்கு என்ன பங்கு?

(ஜெலுத்தோங்கில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

நாம் இன்று கூடியிருக்கும் ஜெலுத்தோங் என்பதே ஒரு பால் மரத்தின் பெயர். அந்த மரத்தின் பாலைச் சூயிங்கம் செய்ய எடுத்தார்கள். ரப்பர் மரமானாலும் ஜெலுத்தோங் மரமானாலும், பட்டையை எந்த ஆழத்தில் சீவுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஆழம் போதாவிட்டால் பால் இல்லை. மிஞ்சினால் மரம் காயம்பட்டுப் போகும். இந்தப் பக்குவம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பவர் ரப்பர் மரங்களை விதவிதமாக வெட்டிப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துக் கண்ட முறை அது. அந்த முறையைத்தான் நம் தாத்தா பாட்டிமார் கத்தியில் பழகினார்கள்.

வைத்தியத்திலும் இதே கதைதான். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மரத்தைக் கேட்காமல் வெட்டிப் பார்க்கலாம். மனிதனைக் கேட்காமல் சோதித்துப் பார்க்கக் கூடாது. நாம் இன்று பேச வந்தது இந்த இரண்டைப் பற்றியும்தான். வயிற்று நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் நடந்த ஆராய்ச்சிகள் நமக்கு என்ன கொடுத்திருக்கின்றன? அந்த ஆராய்ச்சியில் நம்மைச் சேரச் சொன்னால் நாம் என்ன கேட்க வேண்டும்?

மலாயா மண்ணில் நடந்த சோதனை

"ஆராய்ச்சி என்றால் நம்மை எலியாக்கிப் பார்ப்பது" என்ற பயம் தோட்டத்தில் உண்டு. பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதை மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

நூறாண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி என்ற வியாதி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இருதயம் நின்று சாவார்கள். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். தமிழர்களுக்கோ அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் டாக்டராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். தமிழன் தின்றது புழுங்கல் அரிசி. மற்றவர்கள் தின்றது தவிடு முழுவதும் நீக்கிய வெள்ளை அரிசி. வேறுபாடு சோற்றில் இருக்கலாம் என்று அவர் எழுதினார்.

எழுதினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டுமே! 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி. மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி தின்ற பிரிவில் பலருக்கு நோய் கண்டது; 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் புதிதாக நோய் பரவவில்லை. பிறகு 1907-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள், துரியான் தீப்புஸ் பக்கம் ரோடு போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே சோதித்து உறுதிப்படுத்தினார்கள். அரிசியின் தவிட்டில் உள்ள சத்து போவதால்தான் நோய் வருகிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. பின்னாளில் வைட்டமின் என்று உலகம் பேசியதற்கு இதுவும் ஓர் அடிக்கல்.

இதில் நன்மையும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது. கிடைத்த உண்மை லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனால் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் சம்மதம் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்களா? இல்லை. யார் எதிர்த்துப் பேச முடியாதவர்களோ அவர்களே சோதனைக்கு ஆளானார்கள்.

உலகம் இதைத் திருத்திக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. நாஜி டாக்டர்கள் கைதிகள்மேல் செய்த அக்கிரமங்களை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றம், 1947-இல் ஒரு விதியை எழுதி வைத்தது: ஆளின் மனமொப்பிய சம்மதம் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது. 1964-இல் உலக டாக்டர்கள் சங்கம் ஹெல்சிங்கி நகரில் கூடி அதை விரிவுபடுத்தியது. இன்று மலேசியாவில் சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த பிறகே, அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி நடக்க முடியும். சட்டம் நமக்குக் கேடயம் கொடுத்திருக்கிறது. அதைக் கையில் பிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றுப் புண்: காரம் அல்ல, கிருமி

நம்மவர்களுக்கு வயிற்றெரிச்சல் பழகிப்போன வியாதி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, வெறுந்தேநீரைக் குடித்துப் பெரட்டுக்குப் போகிறோம். வெட்டு முடித்து, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது மத்தியானம். வயிற்றில் புண் வந்தால், "காரத்தைக் குறை, கவலையை விடு" என்று சொல்லி ஒரு புட்டி வெள்ளை மருந்தைக் கொடுத்து அனுப்புவார்கள். மருந்து தீர்ந்ததும் வலி திரும்பி வரும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற டாக்டர், 1979-இல் வயிற்றுச் சவ்வின் துணுக்கில் வளைந்த சிறு கிருமிகளைக் கண்டார். வயிற்றின் அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய நம்பிக்கை. பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். 1982-இல் அந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வயிற்றழற்சி கண்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்பது அந்தக் கிருமியின் பெயர். வயிற்றுப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம் என்று 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது.

இதில் நமக்கென்ன? மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் கோ கியன் லீயும் அவரைச் சேர்ந்தவர்களும், வயிற்று வலி என்று வந்தவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். இந்தக் கிருமி இந்நாட்டில் இந்தியர்களிடம் மிக அதிகம், அடுத்தது சீனர்கள், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. ஆக, தோட்டத்து வயிற்றெரிச்சலை வெறும் "சூடு" என்று தள்ளிவிட முடியாது. அந்தக் கிருமி இருக்கிறதா என்று மூச்சை ஊதச் செய்தே பார்க்கலாம். குழாய் விட்டும் பார்க்கலாம். இருந்தால் இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளும் ஓர் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, பெரும்பாலும் இரண்டு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

கிருமியைக் கொன்றால் புற்றுநோய் குறையுமா? தென் கொரியாவில் இதைச் சோதித்தார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ பிள்ளைக்கோ வயிற்றுப் புற்று வந்திருந்து, தங்களிடமும் கிருமி உள்ளவர்கள் 1,676 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 832 பேருக்கு மருந்து. 844 பேருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. சுமார் ஒன்பது ஆண்டு கவனித்து 2020-இல் முடிவைச் சொன்னார்கள். மருந்து எடுத்தவர்களில் 10 பேருக்குப் புற்று. எடுக்காதவர்களில் 23 பேருக்கு. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது!

ஏன் குலுக்கல் என்று கேட்பீர்கள். டாக்டரே தேர்ந்தெடுத்தால், திடகாத்திரமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். அப்போது வென்றது மருந்தா, உடம்பா என்று தெரியாது. நல்ல மரங்கள் இருக்கும் நிரையை ஒருவனுக்கும் பட்டை கெட்ட நிரையை இன்னொருவனுக்கும் கொடுத்துவிட்டு, யார் கெட்டிக்காரன் என்று நிறுத்துப் பார்த்தால் நியாயமாகுமா? ஆகாது. அதுபோலத்தான்.

வாயும் குடலின் வாசல்தான்

சீரண உறுப்பு வயிற்றிலே தொடங்குவதில்லை, வாயிலே தொடங்குகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் நம் பாட்டிமார் முந்தியில் முடிந்து வைத்திருந்த சொத்து. பாக்கும் சேர்த்துத்தான் வாய்ப் புற்றை உண்டாக்குகிறது, புகையிலை இல்லாவிட்டாலும் ஆபத்துத்தான் என்பது 2004-இல் உறுதியாக அறிவிக்கப்பட்ட உண்மை. சம்சுவும் சேர்ந்தால் வாயோடு நில்லாது. உணவுக் குழாய், ஈரல் வரைக்கும் போகும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேரளத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகள். 35 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். 1996-இல் ஆரம்பித்தார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கமான வைத்தியம் மட்டுமே. 2005-இல் வெளியான முடிவு என்ன? புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுச் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. பெரிய இயந்திரம் இல்லை. ஒரு விளக்கு, இரண்டு கண்கள். இது நம் தோட்டத்தில் முடியாத காரியமா?

வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் காட்ட வேண்டும். வாயை அகலத் திறக்க முடியாமற் போனாலும், சோறு விழுங்கும்போது தொண்டையிலும் நெஞ்சிலும் தடைபட்டாலும் காட்ட வேண்டும். பல் டாக்டரிடம் காட்டினாலும் போதும். அவர் வழி சொல்வார்.

"மூலம்" என்று மூடி வைக்காதீர்கள்

இனி எல்லாரும் பேசக் கூசும் விஷயத்துக்கு வருவோம். பெருங்குடல், மலக்குடல் புற்று. இந்நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான் என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியது. அதைவிடக் கொடுமை, நோய் கண்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏன் இந்தத் தாமதம்? மலத்தில் இரத்தம் கண்டால் "மூலம்" என்று நாமே பெயர் வைத்து, நாமே மருந்தும் பார்த்துக்கொள்கிறோம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று கணக்குப் போடுகிறோம். பெண்களோ ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஒளித்து வைக்கிறார்கள். வெட்கமும் வறுமையும் சேர்ந்து ஆளைக் கொல்லுகின்றன.

அடையாறு புற்றுநோய் நிலையத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எழுந்த காரணமே மலக்குடல் புற்றுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை அந்த நோயால் 1923-இல் இறந்தார். அந்தத் துயரத்தை அம்மையார் மறக்கவில்லை. 1954-இல் 12 படுக்கைகளோடு ஒரு சிறு ஆஸ்பத்திரி அடையாறில் பிறந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குணம் கூடுமா என்று அங்கே வந்த ஏழை நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்து, உலகத்துக்கு எழுதினார்கள். ஏழைகளின் ஆஸ்பத்திரியிலும் உயர்ந்த ஆராய்ச்சி நடக்கும் என்பதற்கு அடையாறே சாட்சி.

மலக்குடல் புற்றுக்கான வைத்தியமும் ஆராய்ச்சியால்தான் திருந்தியது. முன்பெல்லாம் அறுவை செய்துவிட்டுப் பிறகு கதிரும் மருந்தும் கொடுத்தார்கள். ஜெர்மனியில், அதே கதிரையும் மருந்தையும் அறுவைக்கு முன்னாலேயே கொடுத்தால் என்ன என்று ஒப்பிட்டார்கள். 2004-இல் முடிவு வந்தது. ஐந்தாண்டுக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது, முன்னால் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு. பின்னால் கொடுத்தவர்களில் 13 பேருக்கு. புது மருந்து இல்லை; வரிசை மாறியது, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

2022-இல் நியூயார்க்கில் 12 மலக்குடல் புற்று நோயாளிகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்து, 12 பேருக்கும் கட்டி மறைந்தது என்று செய்தி வந்தது. உண்மைதான். ஆனால் அது ஒரு தனி வகைப் புற்று. நூறு மலக்குடல் புற்றில் பத்துக்கும் குறைவாகவே அந்த வகை. ஆகவே பத்திரிகைத் தலைப்பைப் பார்த்து ஊசியை விட்டுவிட்டு ஓடக் கூடாது. அதைவிட மோசம், "இந்தச் சாற்றைக் குடித்தால் புற்று கரையும்" என்று வாசலுக்கு வந்து விற்கிறவர்கள். அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா?" பதில் வராது.

50 வயதானவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிறு குப்பியில் கொஞ்சம் மலத்தை எடுத்துக் கொடுப்பது, அவ்வளவே. இரத்தம் இருந்தால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்; புற்றாக மாறுவதற்கு முன்பே சிறு முளைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். இரத்தமோ, கரும் மலமோ, காரணமில்லாத இளைப்போ, புதிதாக மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவதோ இருந்தால், வயதைப் பார்க்க வேண்டாம். உடனே போக வேண்டும்.

சம்பளம் போகும் என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2019-இல் அரசு தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், வருமானம் குறைந்த, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசச் சோதனை வைத்தார்கள்; புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடித்தவர்களுக்கு 1,000 வெள்ளி உதவியும் வைத்தார்கள். தகுதி உண்டா என்று விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போடுமுன்

இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாளை நம்மில் ஒருவரைப் பார்த்து, "இந்த ஆராய்ச்சியில் சேருகிறீர்களா?" என்று கேட்கக்கூடும். பயந்து ஓட வேண்டியதில்லை. தலையாட்டிவிடவும் வேண்டியதில்லை. இவற்றைக் கேளுங்கள்:

இந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்க? எனக்கு விளங்கும் பாஷையில் சொல்லுங்கள்.

சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்?

என்ன கெடுதி வரலாம்? வந்தால் யார் செலவில் பார்ப்பீர்கள்?

பாதியில் விலகலாமா? விலகினால் என் வழக்கமான வைத்தியம் நிற்குமா?

நெறிமுறைக் குழு அனுமதித்த தாள் எங்கே?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் நிற்கக் கூடாது என்பதே விதி. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்க நேரம் கேட்கவும் உரிமை உண்டு. கிராணிமார்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் அந்தத் தாளை, படிக்கத் தெரியாத தோழருக்கு வரிக்கு வரி படித்துச் சொல்லுங்கள். செக்ரோல் எழுதுகிற பேனாவால் இந்த உதவியையும் செய்யுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! சோதனைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். ரோடு போட்ட ஜாவானியர், கேரளத்துக் கிராமத்தார், அடையாறுக்கு வந்த ஏழைகள். அவர்கள் உடம்பால் கிடைத்த பதிலின் பலன், காசுள்ளவன் வீட்டோடு நின்றுவிடக் கூடாது. அது லயத்துக்கும் வர வேண்டும். கிளைதோறும் மூன்று காரியம் செய்வோம். ஆண்டுக்கு ஒரு முறை வாய்ச் சோதனைக்குப் பல் டாக்டரையோ சுகாதார ஊழியரையோ தோட்டத்துக்கு அழைப்போம். 50 வயதைத் தாண்டியவர்களின் பெயரை எழுதி, மலச் சோதனைக்குக் கூட்டாக அனுப்புவோம். சோதனைக்குப் போகும் நாளில் சம்பளம் வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேசுவோம். இதே வெயிலில் பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளியையும் இதில் சேர்த்துக்கொள்வோம். நோய் பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதில்லை.

சம்பள உயர்வு கேட்டுப் போராடத் தெரிந்த நாம், அந்தச் சம்பளத்தை அனுபவிக்க உயிரோடிருக்கவும் தெரிந்துகொள்வோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!